சேற்றில் நிற்பதும் படுப்பதும்

போன மாதம் என் மருமகன் கைப்பேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். எந்த ஊர் என்று தெரியவில்லை. இடுப்பளவு சேற்றில் சிக்கிய ஒருவனைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் இழுக்கிறார்கள். அவன் அலறுகிறான். கடைசியில் பொளக்கென்று வெளியே வந்து விழுகிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். வீடியோ அத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவன் எழுந்து நின்றானா என்று யாரும் காட்டவில்லை. "கொள்ளாம், நல்லா இருக்கு இல்லையா அப்பா?" என்று மருமகன் கேட்டிருந்தார். பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுபோய் இந்தக் கட்டுரை ஆயிற்று.

நான் தீயணைப்புப் படையில் இருபத்தொன்பது வருடம் இருந்தேன். கொச்சியில் அதிக காலம். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. மிளகுக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாகப் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரி வந்தவர் என் தாத்தா. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம் என்று மூன்று தலைமுறை போய்விட்டது. என் தமிழைக் கேட்டால் தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை அது சிரிப்போடு போகவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஏணி ஏறினோம், ஹோஸ் சுருட்டினோம், மறுபடி ஏணி ஏறினோம். தீ எப்படிப் பரவும், புகை எங்கே தங்கும் என்றெல்லாம் சொல்லித் தந்தார்கள். சேற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை. ஆனால் கொச்சியில் வேலை பார்த்தவனுக்குத் தீயைவிடக் கிணறும் காயலும் சேறும்தான் அதிகம் வரும்.

மூன்றாவது வருடம், கும்பளங்கிப் பக்கம், வரப்புக் கட்டி மீன் வளர்க்கிற ஒரு மீன்கெட்டில் பசு இறங்கிவிட்டது என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் வடித்த கெட்டு. வயிறு வரை சேறு. ஊர்க்காரர்கள் ஏற்கனவே கயிறு கட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து பிடித்தோம். ஏலேலோ போட்டு இழுத்தோம் என்றே சொல்லலாம், அவ்வளவு உற்சாகம். பசு வெளியே வந்தது. கை தட்டல், சாயா, பழம்பொரி எல்லாம் ஆயிற்று. இரண்டு நாள் கழித்து வேறு காரியமாக அந்த வழி போனபோது பசு அதே வரப்பில் படுத்துக் கிடந்தது. பின்காலின் மூட்டு நழுவிவிட்டது என்று மிருக டாக்டர் சொன்னாராம். பசுவை வளர்த்த அம்மா கஞ்சியைக் கையில் அள்ளி அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அது எழுந்திருக்கவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இழுத்ததில் நானும் ஒருவன். வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

தங்கப்பன் சார் எங்கள் நிலையத்துக்கு ஸ்டேஷன் ஆபீசராக வந்தது அதற்குப் பல வருடம் பிறகு. குள்ளமான, ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. சம்பவ இடத்தில் வண்டியிலிருந்து இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். கூட்டத்துக்கு ஆத்திரம் வரும். அவருக்கு அது உறைக்காது. சுற்றிலும் சத்தம் கூடக் கூட அவர் குரல் தாழும். அவர் சொல்வதைக் கேட்க நாங்கள் அருகில் போகவேண்டும். அருகில் போனால் நாங்களும் கத்தமாட்டோம். இதை அவர் வேண்டுமென்றே செய்தாரா, சுபாவமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவர் மலையாளத்தில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். எதைப் பற்றிச் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "கனம் எங்கே ஊன்றும்?" என்பதுதான். ஏணியைச் சாய்த்தால் ஊன்றும் இடம் எது, வண்டியை நிறுத்தினால் எது, ஆளை இறக்கினால் எது.

வந்த முதல் வாரத்திலேயே தன் மகளின் கணக்கு நோட்டிலிருந்து சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாள்களைக் கொண்டுவந்து எங்களை வெறுங்காலுடன் அதன்மேல் நிறுத்தினார். பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ணச் சொன்னார். நாற்பது வயசில் கால் வரைந்து எண்ணுவது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. என்னுடைய இரண்டு பாதமும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்நூறு சதுர சென்டிமீட்டர் வந்தது.

"நீ எத்தனை கிலோ?"

"எழுபது, சார்."

"அப்போ ஒவ்வொரு கட்டத்துக்கும் நூற்றி நாற்பது கிராம். சேறு அதைத் தாங்காது, நீ இறங்குவே."

பிறகு ஸ்டோர் அறையின் பழைய கதவு ஒன்றைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் என்னைப் படுக்கச் சொன்னார். இரண்டு மீட்டர் நீளம், எண்பது சென்டிமீட்டர் அகலம். பதினாறாயிரம் கட்டம். எழுபது கிலோவை அதில் பங்கிட்டால் ஒரு கட்டத்துக்கு நாலரை கிராம்கூட இல்லை.

"நீ அதே மணியன்தான். ஒரு கிராம் குறையலை. ஆனால் சேற்றுக்கு நீ இப்போ முப்பதில் ஒரு பங்கு" என்றார்.

இரண்டாவது பாடம் நிலையத்தின் பின்புறம் நடந்தது. குழி வெட்டி, களிமண்ணைக் குழைத்து நிரப்பி, டிரைவர் ஜோஸியின் ஒரு காலை முழங்கால் வரை அதில் இறக்கினார். "தூக்கு." ஜோஸி பலசாலி. முகம் சிவக்கத் தூக்கினான். வரவில்லை. தங்கப்பன் சார் ஒரு மக் தண்ணீரைக் கணுக்காலை ஒட்டி மெதுவாக ஊற்றி, காலை ஆட்டச் சொன்னார். கால் தானாக எழும்பியது.

விளக்கம் சுருக்கமாகத்தான் சொன்னார். காலைத் தூக்கும்போது பாதத்துக்கு அடியில் ஒரு காலி இடம் உண்டாகப் பார்க்கும். அங்கே காற்றோ தண்ணீரோ போய்ச் சேராவிட்டால், மேலே இருக்கிற காற்று முழுக்கக் காலை அமுக்கும். காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அமுக்கும். ஒரு பாதத்துக்கு இருநூற்றைம்பது கட்டம் என்றால் இருநூற்றைம்பது கிலோ வரை. "கயிறு கட்டி இழுத்தால் அந்த இருநூற்றைம்பதையும் சேர்த்து இழுக்கணும். அதுக்குள்ளே இடுப்பு மூட்டு கழன்றுவிடும்."

எனக்குப் பசு நினைவு வந்தது.

ஒரு பட்டறையில் சொல்லி, ஆறடி இரும்புக் குழாய் ஒன்றின் நுனியைத் தட்டையாக்கித் துளை போட்டு, சின்ன பம்போடு மாட்டும்படி செய்து வாங்கினார். அது வண்டியின் மேலே பல காலம் சும்மா கிடந்தது. நாங்கள் அதைத் தங்கப்பன் சாரின் புல்லாங்குழல் என்போம்.

மழைக்கு முன்னால் மட்டாஞ்சேரியில் தோடுகளைத் தூர் வாருவார்கள். தோடு என்றால் வாய்க்கால்தான், ஆனால் காயலோடு சேர்ந்தது. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது அடிச்சேறு தெரியும். ஒரு மே மாதம் மதியம் இரண்டரை மணிக்கு அழைப்பு வந்தது. பழைய கிட்டங்கிகளின் பின்னால் ஓடும் ஒரு தோட்டில், தூர் வாரும் ஆள் ஒருவன் சிக்கிவிட்டான்.

நாங்கள் போனபோது அவன் கரையிலிருந்து இருபதடி தள்ளி, தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரை கறுப்புச் சேற்றில் நின்றிருந்தான். உள்ளே புதைந்து கிடந்த ஒரு மரத்துண்டில் சங்கிலி மாட்ட இறங்கியிருக்கிறான். முதலில் முழங்கால் வரைதான் போயிருக்கிறது. கூட்டாளிகள் மார்பில் கயிறு கட்டி அரைமணி நேரம் இழுத்தார்கள். இழுக்க இழுக்க அவன் ஒரு காலை ஊன்றி மறுகாலை எடுக்கப் பார்த்திருக்கிறான். ஊன்றின கால் இன்னும் கீழே போயிருக்கிறது. மார்பில் கயிறு உரசின இடம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

தங்கப்பன் சார் வழக்கம்போல நின்று பார்த்தார். அவர் பார்த்தது அவனை இல்லை, எதிர்ப்பக்க மதிலை. மதிலில் ஏற்றத்தின்போது தண்ணீர் நிற்கிற உயரத்துக்குப் பச்சைப் பாசி படிந்திருந்தது. அந்தக் கோடு அவன் கழுத்துக்கு நேராக இருந்தது. பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம், "வேலியேற்றம் எத்தனை மணிக்கு?" என்று கடல் ஏறும் நேரத்தைக் கேட்டார்.

"தொடங்கியாச்சு சாரே. அஞ்சு மணிக்கு நிறையும்."

அதற்குள் வேலையை மேற்பார்க்கிற ஆள் ஜேசிபியைத் தோட்டின் விளிம்புக்கே கொண்டுவந்துவிட்டான். கயிற்றை அதன் கையில் மாட்டி ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம் என்பது அவன் யோசனை. கூட்டமும் அதைத்தான் சொன்னது. தங்கப்பன் சார் அந்த ஜேசிபியை முப்பது அடி பின்னால் எடுக்கச் சொன்னார்.

"அவ்வளவு கனமும் நாலு சக்கரத்தின் அடியிலேதான் ஊன்றுது. இந்தக் கரை மதில் தாங்காது. விழுந்தால் அவன் மேலே விழும்."

எங்கள் வண்டியில் இரண்டு பிளைவுட் பலகை இருந்தது. போதாது. தோட்டை ஒட்டின வீட்டிலிருந்த ஒரு சேச்சி விஷயம் புரிந்ததும், ஒன்றும் கேட்காமல் தன் அடுக்களைக் கதவைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார். ஏணியைச் சேற்றின்மேல் கிடத்தி, அதன்மேல் பலகைகளையும் கதவையும் பரப்பினோம். அவன் தமிழ்நாட்டுக்காரன் என்பதால் என்னை அனுப்பினார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மண்டியிட்டுப் போனேன்.

பெயர் ஏழுமலை. திருவண்ணாமலைப் பக்கம். முப்பது வயது இருக்கும்.

"சார், இழுத்துடுங்க சார். கால் போனாலும் பரவால்ல, இழுத்துடுங்க. கீழ யாரோ புடிச்சிக்கினு இருக்கிற மாதிரி இருக்குது சார்."

"பேடிக்காதே. நாங்க வந்தாச்சு" என்றேன்.

மலையாளத்தில் பேடி என்றால் பயம். வீட்டிலும் அப்படித்தான் பேசுவோம். அவன் முகம் மாறியது.

"யாரைப் பேடின்னு சொல்றீங்க? இதுல வந்து நின்னு பாருங்க, அப்பத் தெரியும் யாரு பேடின்னு!"

எனக்குப் புரியவே கொஞ்சம் நேரம் ஆயிற்று. "பயப்படாதேன்னு சொன்னேன்ப்பா. நான் இந்த ஊர்த் தமிழன். இங்கே அப்படித்தான் பேசுவோம்" என்று சொன்னேன். அவன் நம்பினதாகத் தெரியவில்லை. அந்த நிலையில் அவன் என் மொழியை ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் அடுத்து நான் சொல்லவேண்டியதோ அதைவிடக் கடினமானது.

"இப்போ உன் பின்னாலே பலகை வைக்கிறேன். நீ அதிலே மல்லாந்து படுக்கணும்."

"படுக்கிறதா?"

"ஆமா. நின்னா கனமெல்லாம் காலிலே. படுத்தா முதுகிலே பரவும். அப்புறம் காலை எடுக்கலாம்."

"தண்ணி ஏறிட்டு வருது, என்னைப் படுக்கச் சொல்றீங்களா?"

தண்ணீர் உண்மையிலேயே வந்துவிட்டது. பலகையின் ஓரத்தில் விரற்கடை உயரத்தில், மெதுவாக, குப்பையைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவன் என் முன்கையை இறுகப் பிடித்துக்கொண்டான். விட மறுத்தான். அப்போது நான் செய்தது தப்பு. அவன் பிடியிலிருந்து விடுபட்டுப் பின்புறம் பலகையைக் கொண்டுபோக, எழுந்து நின்றேன். நின்றது கதவின் ஓரத்தில். அவ்வளவு கனமும் இரண்டு பாதத்தில், அதுவும் விளிம்பில். கதவு ஒரு பக்கம் முங்கியது. நான் முட்டி வரை சேற்றில் இறங்கினேன்.

கட்டம் எண்ணிப் படித்தவன்தான். ஆனால் அவசரத்தில் மனுஷனுக்கு எழுந்து நிற்கத்தான் தோன்றும்.

கரையில் கூச்சல். தங்கப்பன் சாரின் உதடு அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. ஜோஸிதான் கத்தினான்: "மணிச்சேட்டா, சார் கிடக்கச் சொல்றார்! நீங்க கிடங்க!"

நான் படுக்க விரும்பவில்லை. அது சேறு மட்டுமில்லை. அந்தப் பகுதி வீடுகளின் கழிவு முழுக்க அதில்தான் வந்து சேர்கிறது. ஆனால் வேறு வழியில்லை. கதவின்மேல் குப்புற விழுந்து, கையை விரித்து, கன்னம் அந்தத் தண்ணீரில் படும்படி படுத்தேன். காலை ஆட்டி ஆட்டி எடுத்தேன். பத்து நிமிடம் போயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் தண்ணீர் அவன் தொப்புளுக்கு மேலே வந்துவிட்டது.

அப்படியே படுத்தபடி ஊர்ந்து அவன் பின்னால் போய்ப் பலகையைச் செருகினேன். இப்போது என் முகம் அவன் விலாவுக்கு நேராக இருந்தது. நாற்றத்தில் வாய் திறக்க முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "படுத்துக்கோப்பா" என்று மட்டும் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவன் தலையைத் திருப்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்தான்.

அவன் தலைக்கும் தோளுக்கும் அடியில் காற்றடைத்த லாரி ட்யூபை வைத்தோம். லைஃப் ஜாக்கெட் மாட்டினேன். பிறகு அந்த இரும்புக் குழாயை, புல்லாங்குழலை, நீட்டச் சொன்னேன். ஜோஸி பம்பை ஓட்டினான். குழாயை அவன் இடது தொடையை ஒட்டி, ஒரு சாணுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி, கீழே இறக்கினேன். நீர் சேற்றுக்குள் பாய்ந்து அதைக் குழம்பாக்கியது.

கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று பிறகு யோசித்தேன். தண்ணீரில் முங்கப்போகிறவனைப் படுக்கவைத்து, அவன்மேல் இன்னும் தண்ணீர் அடிக்கிறோம். அவன் கூட்டாளிகள் அழுதார்கள். "கொல்றானுங்க! தமிழன்னா கேக்க ஆளில்லன்னு கொல்றானுங்க!" என்று ஒருவன் கத்தினான். மேற்பார்வை ஆள் பம்பை நிறுத்த வந்தான். தங்கப்பன் சார் பம்புக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னதை ஜோஸி எனக்குப் பிறகு சொன்னான்.

"பத்து நிமிஷம் கொடுங்க. வரலைன்னா என்னைத் தூக்கி அதிலே போடுங்க. நான் தடுக்கமாட்டேன்."

இடது கால் ஏழெட்டு நிமிடத்தில் அசைந்தது. "ஆட்டு, முட்டியை மட்டும் ஆட்டு, தூக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சேற்றுக்குள்ளிருந்து பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. கால் மேலே வந்து மிதந்தது. ஏழுமலை அதைப் பார்த்து, "என் காலா சார்?" என்று கேட்டான். மரத்துப் போயிருந்ததால் அவனுக்கே தெரியவில்லை.

வலது கால் ஆழத்தில் இருந்தது. கம்பூட்ஸ் போட்டிருந்தான். பூட்ஸுக்குள் சேறு இறுகிவிட்டது. குழாயை நான்கு தடவை இறக்கினேன். தண்ணீர் இப்போது அவன் காதைத் தொட்டது. ட்யூப் இல்லாவிட்டால் முகமும் போயிருக்கும். நான் படுத்திருந்த கதவே மிதக்கத் தொடங்கியிருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அம்மா பெயரைச் சொன்னான் என்று நினைக்கிறேன், சரியாகக் கேட்கவில்லை. ஐந்தாவது தடவை பூட்ஸை உள்ளேயே விட்டுவிட்டுக் கால் மட்டும் வந்தது. யாரும் இழுக்கவில்லை.

பலகையோடு அவனைக் கரைக்கு நகர்த்தினார்கள். அப்போது மணி நாலேகால். ஆம்புலன்ஸ் காத்திருந்தது. தங்கப்பன் சார் அவன் இரண்டு காலின் விரல்களையும் தொட்டுப் பார்த்து, இடுப்பை ஒரு தடவை அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பி, "குளி. டெட்டனஸ் ஊசி போட்டுக்கோ. அப்புறம், எழுந்து நின்னதை ரிப்போர்ட்டில் எழுது" என்றார்.

எழுதினேன். அவர் அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார். ஜோஸியைக் கொண்டு சேச்சியின் கதவைக் கழுவித் திரும்ப மாட்டிக்கொடுக்கச் செய்தார். அவ்வளவுதான். அந்தச் சம்பவத்தைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போனார்.

கால்கள் வெகுநேரம் அமுங்கியிருந்ததால் சிறுநீரகத்துக்கு ஆபத்து வரலாம் என்று ஏழுமலையை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. நான்காவது நாள் என் மனைவி எலுமிச்சம் சாதம் கட்டிக்கொடுத்தாள். எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கால் ஒழுங்காக மடங்கியிருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

சாப்பிட்டுக்கொண்டே, "சார், ஒண்ணு சொல்லட்டுமா, கோச்சிக்காதீங்க" என்றான். "நீங்க படுன்னு சொன்னப்ப, இவங்களால முடியல, சீக்கிரம் செத்துத் தொலையட்டும்னுதான் படுக்கச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"பின்னே ஏன் படுத்தே?"

அவன் சாதத்தை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"நீங்களும் அந்த நாத்தத்துல மூஞ்சிய வச்சுப் படுத்துட்டீங்களே சார்."

தங்கப்பன் சாரின் கணக்கை அவனுக்குச் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். நூற்றி நாற்பது கிராம், நாலரை கிராம், இருநூற்றைம்பது கிலோ. ஒன்றையும் சொல்லவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை இருந்துவிட்டு, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.